கடலுக்கு வீணாகப் போகிற தண்ணீர்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் மாமாவுக்கு இடுப்புவலி போன மாதத்துக்கு இந்த மாதம் பரவாயில்லை. வேனில் ஐஸ் ஏற்றும்போது மட்டும் முகத்தைச் சுளிக்கிறார், கேட்டால் வெயில் என்கிறார். நீயும் உன் மனைவியும் வாலுவும் சுகமா? வாலு பள்ளிக்கூடத்தில் யாரையாவது கடித்து வைத்தாளா, இல்லை இந்த வருஷம் திருந்திவிட்டாளா?

உடம்புக்கு எனக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் கொதிக்கிறது. நம் ஐஸ் உப்புக் கரிக்கிறது. ஜூஸ் கடைக்காரர் ஒரு கட்டியை அப்படியே கொண்டுவந்து வாசலில் போட்டு, "ஏம்மா, உப்புப் போட்டா கலர் சோடா விக்கிறேன் நான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். தெருவே பார்த்தது.

உப்பு எங்கிருந்து வரும்? உனக்குத் தெரியாததா, லீவு நாளெல்லாம் நீ தூக்கிய கேன்கள்தானே. கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய கேன்களை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறோம். தொட்டித் தண்ணீர் உறையாது, கேனில் இருப்பது உறையும். கேனில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் தொட்டி உப்பு உள்ளே ஏறிவிடும். போன மாதம்தான் எல்லாக் கேனுக்கும் வெல்டர் அண்ணன் பற்று வைத்தார். வைத்த லட்சணம் இதுதான். அவரை முற்றத்தில் நிறுத்தி, வேலையாட்கள் முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். "கண்ணு தெரியலன்னா வீட்ல இருங்க, என் பொழப்பக் கெடுக்காதீங்க" என்றேன். முகமூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நம் அப்பா காலத்து மனிதர். ஆனாலும் சீசன் தொடங்குகிற நேரத்தில் இப்படிச் செய்தால் எனக்கு வயிறு எரியாதா?

அணையில் தண்ணீர் எப்படி? நீதான் அணை நிரம்பினால் உன் வீட்டுத் தொட்டி நிரம்பிய மாதிரி பெருமை அடிப்பாயே, இந்த வருஷம் சத்தத்தையே காணோம்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். மாமாவைக் கனமான எதையும் தூக்க விடாதே. வாலு யாரையும் கடிக்கவில்லை, இப்போது கிள்ளுகிறாள்.

அணை முழுக்க நிரம்பியிருக்கிறது. புதுக் கால்வாய் திறப்பு விழா நடந்தது. பெரிய ஆட்கள் எல்லாம் வந்தார்கள். நகரத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் வருஷம் முழுக்கத் தண்ணீர். 'ஒரு சொட்டும் வீணாகாத அணை' என்று வாசலில் பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். பெரிய இன்ஜினியர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். ஷட்டர் ஆபரேட்டருக்குக் கை கொடுத்த முதல் இன்ஜினியர் அவர்தான். வேலை நிரந்தரமாவதற்கும் எழுதுகிறேன் என்றார்.

ஐஸ் விஷயம் படித்தேன். கேன்கள் பழசு அக்கா. எத்தனை தடவைதான் பற்று வைப்பது? ஒரேயடியாக மாற்றிவிடு. வெல்டர் அண்ணனை அவ்வளவு திட்டியிருக்க வேண்டாம்.

இங்கே வேலை அதிகம், மீதி பிறகு எழுதுகிறேன்.

உன் தம்பி

ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

நீ சொன்னபடியே செய்துவிட்டோம். இரண்டாவது வேனை விற்றுப் புதுக் கேன்களுக்குச் சொல்லியாகிவிட்டது. வரும்வரை பாதித் தொட்டிதான் ஓட்டுகிறோம். உன் மாமாவுக்கு அந்த வேன் மேல் தனிப் பாசம். வாங்கினவன் ஓட்டிக்கொண்டு போகும்போது வெளியில் வராமல் உள்ளேயே இருந்தார்.

வெல்டர் அண்ணனை நான் திட்டியது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. "ஐஸ் கம்பெனிக்காரியே தொரத்திட்டா" என்று படகுப் பட்டறையிலும் அவரைக் கூப்பிடுவதில்லையாம். போகட்டும். வேலையில் கவனம் இல்லாதவருக்கு யார் என்ன செய்ய முடியும்?

இன்னொரு வேடிக்கை கேள். பாலத்தடியில் தூண்டில் போடுகிறவர்களுக்குக் கடல் மீன் சிக்குகிறது. ஆற்றுக்குள் கடல் மீன். பிள்ளைகள் கும்பலாக நின்று கைதட்டுகிறார்கள். ஆறும் மெலிந்து கிடக்கிறது, நடுவில் மணல் திட்டு தெரிகிறது. அணை நிரம்பியிருக்கிறது என்றாய், பிறகேன் இங்கே இப்படி? சரி, உனக்குத் தெரிந்த கணக்கு எனக்குத் தெரியாது. வெயில் மட்டும் ஏப்ரலிலேயே மே மாதத்து வெயிலாக அடிக்கிறது. ஐஸ் கேட்டு ஆள் மேல் ஆள் வருகிறார்கள், கொடுக்கத்தான் ஐஸ் இல்லை.

பதில் போடு. மீதி பிறகு என்று போன கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டாய்.

அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. வேலை.

கேன் வந்ததும் கிணற்றுக்கு ஒரு நல்ல ஃபில்டர் போட்டுக்கொண்டால் உத்தமம். நகரத்தில் இப்போது எல்லோரும் போடுகிறார்கள். மாமாவின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. வாலு உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்த லீவுக்கு அனுப்ப முடியுமா என்று தெரியவில்லை.

தம்பி

மே 21

தம்பி,

சுகம் விசாரிக்க இன்று எனக்குப் பொறுமை இல்லை.

புதுக் கேன்கள் வந்தன. பளபளவென்று இருந்தன, முகம் பார்க்கலாம். முதல் தடவை இறக்கி, உறைந்ததும் தூக்கி, நானே ஒரு கட்டியை உடைத்து நடுவில் இருந்து எடுத்து வாயில் போட்டேன். உப்பு. அடுத்த கேன், உப்பு. வரிசையாக அத்தனை கேனிலும் ஒரே உப்பு. ஓட்டை என்றால் ஒன்றில் கரிக்கும், இன்னொன்றில் கரிக்காது. எல்லாக் கேனும் சொல்லி வைத்தாற்போல் ஒரே மாதிரி ஒழுகுமா? இந்தச் சின்ன விஷயம் மார்ச்சில் என் மண்டையில் ஏறவில்லை. உப்புத் தொட்டியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறவளுக்கு உப்பு என்றால் தொட்டிதான் கண்ணுக்குத் தெரியும். கிணற்றை யார் சந்தேகப்படுவார்கள்? குடிக்கிற தண்ணீர் லேசாகக் கரித்ததையும் வெயிலில் நாக்கு காய்ந்தது என்றே விட்டுவிட்டேன்.

நேராகக் கிணற்றுக்குப் போய் ஒரு கை அள்ளிக் குடித்தேன். தொண்டையில் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிணறு, பள்ளிக்கூடத்துக் கிணறு, எல்லாம் அப்படித்தான். அவர்களும் தங்கள் குழாய் துரு, தங்கள் தொட்டி அழுக்கு என்று ஆளுக்கொரு காரணம் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள்.

நானும் உன் மாமாவும் ஒரு படகைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆற்றில் மேலே போனோம். அங்கங்கே நிறுத்தி நக்கிப் பார்த்தோம். பாலம் தாண்டி, செங்கல் சூளை தாண்டி, படித்துறை தாண்டியும் உப்பு. ஆறு கடலுக்கு வரவில்லை, தம்பி. கடல் ஆற்றுக்குள் ஏறி வருகிறது.

அணையின் அடியில் ஒரு சின்ன மதகு உண்டு, கோடையானாலும் அதை ஒரு சாண் திறந்தே வைத்திருக்க வேண்டும், ஆறு கடல்வரை போய்ச் சேர அதுதான் வழி என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீதான் எனக்குச் சொன்னாய். ஒரே ஒரு கேள்வி. அந்த அடிமதகு இப்போது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? ஒரு வார்த்தை எழுது, போதும்.

அக்கா

ஜூன் 9

தம்பி,

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நாளா? போன் போட்டால் மலையில் சிக்னல் இல்லை என்று உன் மனைவி சொல்கிறாள். சொல்லிவிட்டு, நான் அடுத்ததைக் கேட்பதற்குள் போனை வைத்துவிடுகிறாள். பாவம், அவளை ஏன் பொய் சொல்ல வைக்கிறாய்?

நீ பதில் போடாததே பதில் என்று உன் மாமா சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் தம்பி வாயால் எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

மூடியிருக்கிறது. ஜனவரியில் மூடினேன்.

நானாக மூடவில்லை. பெரிய இன்ஜினியர் வந்தார். அடிமதகைக் காட்டி, "இது சும்மா கடலுக்குத்தானப்பா போகுது, வீணா எதுக்கு? மூடிடு. பேப்பர் பின்னாடி வரும்" என்றார். இதுவரை பேப்பர் வரவில்லை. இரண்டு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை, "உனக்கு வேலை பிடிக்கலயா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அக்கா, எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. குவார்ட்டர்ஸை விட்டு இறங்கினால் எங்கே போவது? நகரத்திலும் ஜனங்கள் இருக்கிறார்கள். குடத்தோடு தெருவில் நின்றவர்கள் வீட்டில் இப்போது குழாயில் தண்ணீர் வருகிறது. அதையும் நான் பார்க்கத்தானே வேண்டும்? ஒரு சாண் தண்ணீர் போகாததால் இவ்வளவு ஆகும் என்று நான் நினைக்கவில்லை. உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே சந்தேகம் வந்தது. கேனாக இருக்கட்டும், கேனாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

ஜூன் 26

தம்பி,

வேண்டிக்கொண்டாயாமே. கேனாகவே இருக்கட்டும் என்று நீ அங்கே வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில், நான் இங்கே வேனை விற்றுக்கொண்டிருந்தேன். கேனை மாற்று என்று உன் கையால் எழுதினாய். ஃபில்டர் போடு என்று எழுதினாய். கூசவில்லையா உனக்கு?

வெல்டர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தப்பு என்மேல் என்று சொல்லத்தான் போனேன். அவர் மெஷினை விற்றுவிட்டார். ஊர் கூப்பிடாததால் விற்கவில்லை. தன் கை போய்விட்டது, கண் போய்விட்டது என்று அவரே நம்பிவிட்டார். ராத்திரி பகலாக விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம், அவர் மனைவி சொன்னாள். கேனில் ஓட்டை இல்லை, கிணறுதான் உப்பு என்று சொன்னேன். "இப்ப சொல்றீங்க" என்றார், அவ்வளவுதான். நாற்பது வருஷம் பற்று வைத்த கையை, நானும் நீயும் சேர்ந்து முடக்கிவிட்டோம். நான் வாயால், நீ வாயை மூடிக்கொண்டு.

வீண் என்று சொன்னானாம் உன் இன்ஜினியர். ஆறு கடலுக்குப் போகாமல் அவன் மாமியார் வீட்டுக்கா போகும்? இத்தனை காலம் அந்தப் பக்கம் கடல் தள்ளியது, இந்தப் பக்கம் ஆறு தள்ளியது. இரண்டு பேரும் தோளோடு தோள் கொடுத்து நின்ற இடத்தில்தான் நம் கிணறு நல்ல தண்ணீராக இருந்தது. ஒருத்தன் தோளை எடுத்துவிட்டால் மற்றவன் உள்ளே வந்து விழத்தானே செய்வான்? மீன் குஞ்சு பொரிக்க ஆற்று முகத்துக்கு வருமே, அதற்குத் தண்ணீர் வீணா? ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல்தானே நம் கரை, அது வீணா? மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த சந்தில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மணல் வராத கரையை அலை அரிக்காமல் கொஞ்சுமா? தண்ணீர் தன் வேலைக்குப் போவதை வீண் என்று சொல்ல அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நகரத்துக்காரர்கள் குடிக்க வேண்டாம் என்று நான் சொன்னேனா? குடிக்கட்டும், நன்றாக இருக்கட்டும். அணை முழுக்க அவர்களுக்குத்தானே வைத்திருக்கிறீர்கள். ஆறு கேட்டது ஒரு சாண். அதையும் பிடுங்கிவிட்டு போர்டு வைத்திருக்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று. பேப்பர் வரவில்லை என்றாய். அப்படியானால் மூடியது இன்ஜினியர் இல்லை, நீ. நாளைக்கு யாராவது கேட்டால் அவன் கையை உதறிவிட்டுப் போவான், உன் கைதான் மதகுச் சக்கரத்தில் இருக்கும். எழுத்தில் உத்தரவு இல்லாமல் மூடத் தெரிந்த உனக்கு, எழுத்தில் உத்தரவு இல்லாமல் திறக்கத் தெரியாதா?

இதற்குப் பதில் கடிதம் போடாதே. தண்ணீர் அனுப்பு.

அக்கா

ஜூலை 15

அக்கா,

பதில் போட வேண்டாம் என்றாய். ஆனாலும் போடுகிறேன்.

போன திங்கட்கிழமை காலை எல்லோர் முன்னாலும் அடிமதகைத் திறந்தேன். துரு ஏறிச் சக்கரம் லேசில் அசையவில்லை, எண்ணெய் ஊற்றிக் கடப்பாரை போட்டுத் திருப்பினேன். ஆபரேட்டர் அறைச் சுவரில் பெயின்ட்டில் எழுதிய விதி இன்னும் இருக்கிறது: எக்காலமும் ஒரு சாண். அதற்கு மேல் ஒரு விரல்கூடத் திறக்கவில்லை.

மூடச் சொல்லி ஆறு மாதமாக வராத பேப்பர், திறந்த அன்றே வந்துவிட்டது. சஸ்பெண்ட். யார் அனுமதியோடு திறந்தாய் என்று இரண்டு பக்கத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். உன் வீட்டுக்கு வரலாமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. அவளையும் வாலுவையும் மட்டுமாவது அனுப்பட்டுமா?

தண்ணீர் வந்ததா, அக்கா?

தம்பி

ஜூலை 20

தம்பி,

வந்தது. பாலத்தில் ஊரே நின்று பார்த்தது.

கிணறு இன்னும் உப்புதான். உள்ளே ஏறிய கடல் திறந்த மறுநாளே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போய்விடாது. ஆறு விடாமல் வந்தால் இரண்டு மழைக்காலமாவது ஆகும் என்கிறார்கள். அதுவரை கடைகளுக்கு ஐஸ் கிடையாது. மீனுக்கு உப்பு ஐஸ் போதும் என்பதால் மீன்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் போடுகிறோம்.

மூன்று பேரும் வாருங்கள். என் கோபம் ஆறவில்லை, ஆறும் என்று எதிர்பார்த்து வராதே. மாமாவால் தூக்க முடியவில்லை, நீ கேன் தூக்கு.

அக்கா

ஆகஸ்ட் 12

முகம் தெரியாத தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். உன் பெயர் எனக்குத் தெரியாது, அதனால் உறையில் 'ஷட்டர் ஆபரேட்டர், அணை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். உனக்கு முன்னால் அந்தச் சக்கரத்தைப் பிடித்திருந்தவனுடைய அக்கா நான்.

நீ வேலையில் சேர்ந்துவிட்டாய் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆறு சொன்னது. ஜூலையில் வந்த தண்ணீர் நின்றுவிட்டது. பாலத்தடியில் மறுபடி கடல் மீன்.

உன்னிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இது சும்மா கடலுக்குப் போகுது, மூடிடு, பேப்பர் பின்னாடி வரும். பேப்பர் வராது, தம்பி. என் தம்பிக்கு வரவில்லை. அவன் அதை நம்பி மூடினான், ஒரு ஊரின் கிணறெல்லாம் போயிற்று. எங்கள் ஊரில் குழந்தைக்குப் பால் கரைக்கக்கூட லாரித் தண்ணீர்தான். லாரி வராத அன்று தாய்மார்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு நாள் நானும் ஒருத்தியை அடித்தேன்.

அவன் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறான். கேன் தூக்குகிறான். நான் அவனோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறேன், அவ்வளவுதான். கூடப் பிறந்தவனிடம் இப்படி இருப்பது எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. திட்ட வேண்டியவர்களைத் திட்டத்தான் வருகிற வெள்ளிக்கிழமை ஊரே லாரிகளில் அணைக்கு வருகிறோம். அதற்குள் நீ ஒன்று செய். மூடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல். தரவில்லை என்றால் ஒரு சாண் திற, சுவரில் இருக்கிற விதி உன் பக்கம், இந்தத் தடவை ஊரும் உன் பக்கம். தந்துவிட்டால் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வை, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கேட்கப் பயமாக இருந்தால் வெள்ளிக்கிழமை வரை பொறு. நான் வந்து உன் பக்கத்தில் நின்று கேட்கிறேன். என் தம்பி பக்கத்தில் அன்றைக்கு நிற்க யாரும் இல்லை.

இப்படிக்கு
அக்கா